கல் மாற்றுதல்

ஆறு நிமிடம் நடந்தால் கடல்.
ஆனாலும் அஜ்மானில் என் வீட்டுக்கு உப்பு
வாளியில்தான் வருகிறது, இருபத்திரண்டு கிலோ,
மூடியில் ஒரு பவளத்தின் படத்தோடு.

கரையோர ஆலையில்
கடலிலிருந்து உப்பைக் கழற்றிவிட்டுக்
குழாயில் அனுப்புகிறார்கள்.
ஒன்பதாவது மாடியில் நான்
அதே தண்ணீரில் உப்பைப் போட்டு
மறுபடி கடலாக்குகிறேன்.
ஆகஸ்டில் குழாய் கொதிக்கும்.
இரவு முழுக்க
குளியலறை வாளிகளில் ஆறிக்கொண்டிருக்கும் கடல்.

பகலில் கிளினிக்கில்
பிறர் ரத்தத்தில் உப்பு பார்க்கிற வேலை.
சோடியம் நூற்று நாற்பது, சரி.
வீட்டுக்கு வந்து தொட்டியில் பார்க்கிறேன்.
முப்பத்தைந்து, சரி.
நடுவே பேருந்து நிறுத்தத்தில்
என் நெற்றியில் வழிவதை
யாரும் அளப்பதில்லை.

முதலில் பேத்தை வந்தது.
அப்பாவுக்கு வீடியோவில் காட்டினேன்.
"இதையா காசு குடுத்து வாங்கின?
வலையில வந்தா காலால தள்ளிவிடுவோமே மக்களே."
எவ்வளவு என்று கேட்டார்.
திர்ஹத்தில் சொன்னேன்,
பெருக்கிப் பார்க்க மாட்டார் என்று நம்பி.
பெருக்கிவிட்டார்.

பிறகு அஞ்சாலை.
பிளாஸ்டிக் குழாய்த் துண்டிலிருந்து
தலையை மட்டும் நீட்டி
வாயைத் திறந்து திறந்து மூடும்.
கோபமல்ல, மூச்சு.
அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது.

கடைசியில்தான் கிளாத்தி.
"முரடனைக் கடைசியா விடணும் சேச்சி"
என்றான் கடைக்கார ஷம்சீர்.
"முதல்ல விட்டா தொட்டி முழுக்க
அவன் பேர்ல பட்டா."
கல்லிடுக்கில் நுழைந்து
முதுகு முள்ளை நிமிர்த்திப் பூட்டிக்கொள்ளும்.
சாவி அதனிடம் மட்டும்.

ஒரு வாரம், துளைபோட்ட கண்ணாடித் தடுப்புக்கு
அந்தப் பக்கம் வைத்திருந்தேன்.
பார்த்துப் பழகட்டும் என்று.
பார்த்தன. பழகவில்லை.
தடுப்பை எடுத்த கால் மணி நேரத்தில்
பேத்தையின் வாலில் பிறை வடிவில் ஒரு காணாமை.
அது ஊதிப் பந்தாகித்
தண்ணீரின் கூரையில் முட்டிக்கொண்டு நின்றது.

விளக்கை அணைத்தேன்.
தோள்வரை கையை விட்டுக்
கற்களை மாற்றத் தொடங்கினேன்.
குகை இருந்த இடத்தில் மணல்.
மணல் இருந்த இடத்தில் கோபுரம்.
அஞ்சாலையின் குழாயைப் பின்சுவரோடு திருப்பி வைத்தேன்.
இனி யாருக்கும் தன் வீடு எதுவென்று தெரியாது.
எல்லாரும் இன்று வந்தவர்கள்.

இதை நான் முன்பே ஒருமுறை செய்திருக்கிறேன்.
போன நோன்பு மாதம் கொழுந்தன் மெல்ரோய்
விசிட் விசாவில் வந்து ஹாலில் படுத்தான்.
ஏசி இருபத்திரண்டா, இருபத்தைந்தா என்று
அண்ணனும் தம்பியும் சட்டையைப் பிடித்த அன்று
நான் ஒன்றும் சொல்லவில்லை.
இருவரும் வெளியே போனதும்
சோபாவைக் கட்டில் இருந்த இடத்துக்கு இழுத்தேன்,
கட்டிலை ஜன்னலுக்கு,
சாப்பாட்டு மேசையைக் கதவுக்குக் குறுக்கே.
அன்றிரவு சார்ஜர் குத்த இடம் தேடி
இருவரும் சுவரைத் தடவிக்கொண்டே
ஒருவரையொருவர் கேட்டார்கள்:
"டேய், ஸ்விட்ச் எங்கடா?"
மூன்று வாரத்தில் அவர்கள் பேசிய முதல் வார்த்தை அது.

விடிந்து பார்த்தேன்.
அஞ்சாலையின் குழாயில் கிளாத்தி.
பம்புக்குப் பின்னால் அஞ்சாலை.
பேத்தை, அரைவாலோடு,
கண்ணாடிக்கு மிக அருகில் வந்து
என்னைத்தான் பார்த்தது,
அல்லது என் கையிலிருந்த கணவாயை.

வயிறு நிறைந்தால் பாதிச் சண்டை தீரும்.
துண்டை நீட்டினேன்.
கிளாத்தி கணவாயை விட்டுவிட்டு
விரலைக் கடித்தது.
ஒரு சொட்டு, புகையாகிக் கலைந்தது.
எழுநூறு லிட்டரில்
அது எந்தக் கணக்கிலும் வராது.

உள்ளேயிருந்து ஜெர்வின் எழுந்து வருகிறான்,
ஒரு வருஷம் ஆகியும்
சோபாவில் முழங்காலை இடித்தபடி.