கொக்கிகள்

வடக்கு டகோட்டாவில்
கோட்டு மாட்ட இடமில்லாமல் பள்ளி தொடங்காது.
சிஸ்டர் வால்பர்கா முதலில் வாங்கியது கரும்பலகை அல்ல,
நாற்பது இரும்புக் கொக்கிகள். கடனுக்கு.
மழலையர்க்கு இடுப்பளவில்,
பன்னிரண்டாம் வகுப்புக்குத் தலைக்கு மேலே.
அவ்வருடம் பன்னிரண்டில் ஒரே ஒருத்தி,
ஒட்டிலியா ஃபிக்டர்:
முதலிடமும் அவளுக்கே, கடைசி இடமும்.

கட்டணம் உருளைக்கிழங்காக வந்தது, நிலக்கரியாக வந்தது.
சில வீடுகளிலிருந்து வரவேயில்லை.
எந்த வீடுகள் என்று
கணக்குப் புத்தகத்தில் எழுதவில்லை.

பதினெட்டில் விஷக்காய்ச்சல்.
பனி உருகியபோது
ஏழு கோட்டுகள் எடுக்க ஆளின்றித் தொங்கின.
ஜூன் வரை யாரும் தொடவில்லை.
பிறகு கையைக் குட்டையாக்கி
வேறு பிள்ளைகள் போட்டுக்கொண்டார்கள்.

ஐம்பதுகளில் ஒரு கொக்கிக்கு மூன்று கோட்டு.
எழுபத்தொன்றில் மேல்வரிசையைக் கழற்றினார்கள்;
மிஞ்சிய சிஸ்டர்கள் ஐவர்,
படியேற முடிந்தவர் இருவர்.
பூசி மறைத்தும் ஓட்டைகள் தெரிந்தன.

போன ஆகஸ்டில்
திருகாணிகளோடு ஏணியில் நான்.
பத்தாம் வகுப்பு திரும்ப வருகிறது, ஆறு பேர்.
பழைய ஓட்டைகளே போதுமாயிருந்தது.

லிகாயா, மணிலாவிலிருந்து வந்தவள்,
பனியே பார்த்ததில்லை,
எக்கி எக்கிப் பார்த்தாள். எட்டவில்லை.

ஒன்றை மட்டும்
ஒரு சாண் இறக்கி
புதிதாகத் துளை போட்டேன்.