இப்ப விடுங்கோ

பத்தொன்பது வருசமாய்
திருகோணமலை ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில்
மூன்றே வசனம் பேசிச் சம்பளம் வாங்குகிறேன்:
மூச்சை இழுங்கோ.
பிடிச்சுக்கொள்ளுங்கோ.
இப்ப விடுங்கோ.

நிலாவெளியில் நஸ்லிம் சொன்ன முதல் பாடம்:
"மிஸ், கடலுக்கடியில
மூச்சைப் பிடிக்கவே கூடாது."
இறக்கக்கண்டிப் பொடியன். இருபத்து நாலு வயது.
எனக்குப் போன மாசியோடு நாற்பத்தாறு.

படிவத்தில் ஆஸ்துமா இல்லை, இருதய வருத்தம் இல்லை.
நீந்தத் தெரியுமா என்ற இடத்தில்
பேனை சற்று நின்று
"கொஞ்சம்" என்று எழுதியது.
பிறந்ததிலிருந்து இந்த ஊர்.
எந்தத் தெருவில் திரும்பினாலும் முடிகிற இடத்தில் கடல்.
முழங்காலுக்கு மேலே அதை நான் விட்டதில்லை.

இடுப்பில் ஈயக் கட்டிகளைக் கோத்துக் கட்டினான்.
பாரமா என்றான்.
ஈயம் எனக்குப் பழக்கம் தம்பி,
வேலையில் மாட்டுகிற அங்கியும் ஈயம்தான்.
அது ஒன்றையும் எனக்குள் வரவிடாது.
இது என்னை உள்ளே அனுப்பப் பார்க்கிறது.

கச்சான் இன்னும் எழும்பாத காலை.
புறாமலைக்குப் படகில் கொஞ்சத் தூரம்.
கூட வந்த மாத்தறைச் சோடி
முதுகுப் பக்கமாய்ச் சரிந்து விழுந்தது.
நான் ஏணி கேட்டேன்.

மூன்று மீற்றரில் காது இறுகியது.
மூக்கைப் பொத்தி ஊதினேன்.
உள்ளே எங்கோ ஒரு கதவு டிக்கென்று திறந்தது.
சந்தோசத்தில் கட்டைவிரலை உயர்த்திக் காட்ட,
தோளைப் பிடித்து
மேலே கொண்டுவந்து விட்டான்.
"என்ன மிஸ் செய்யுது?"
ஒண்டுமில்லை, நல்லா இருக்கெண்டு சொன்னனான்.
"அதுக்கு விரலை வட்டமாக்க வேணும்.
கட்டைவிரல் எண்டா மேலே போவம்."
படகோட்டி மறுபக்கம் திரும்பிச் சிரித்தான்.

மறுபடி.
ஆறு மீற்றர். மணலில் முழங்கால்.
முகமூடிக்குள் வேண்டுமென்றே தண்ணீர் விட்டு
மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டும்.
விட்டேன்.
உப்பு கண்ணைப் பிடித்தது.
நஸ்லிம் ஒரு கறுப்பு அசைவானான்.
அப்போது இந்த உடம்பு,
பத்தொன்பது வருசம் யாருக்கோ சொன்னதையெல்லாம்
ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த உடம்பு,
கீழ்ப்படிந்தது.
இழுத்தது. பிடித்துக்கொண்டது.
அசையாமல் நின்றது.

குமிழி இல்லை.
சத்தம் இல்லை.
படம் எடுக்கத்தான் யாரும் இல்லை.

ஈயக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
இவ்வளவு நீளமா அந்த ஒரு நொடி?
லொறிச் சாரதிகள், நெஞ்சுச் சளிக்காரர்,
வெளிநாடு போக மெடிக்கல் எடுக்க வந்த பெட்டையள்,
பலகையில் நாடியை ஊன்றிக்கொண்டு
என் குரலை நம்பி நின்றவர்கள்
எத்தனை ஆயிரம் பேர்.
தேத்தண்ணி நினைவில் சிலவேளை
மூன்றாவது வசனத்துக்குப் பிந்தியிருக்கிறேன்.

இப்ப விடுங்கோ.

யார் சொன்னதென்று தெரியாது. என் வாயில் ரப்பர்.
விட்டேன்.
கொதிக்கிற கேத்தில் மாதிரிக்
குமிழிகள் காதோரம் கடகடவென்று ஏறின.
மூக்கால் ஊத ஊத
உலகம் நெற்றியிலிருந்து கீழாகத் தெளிந்தது.
முதலில் நஸ்லிமின் புருவம்.
பிறகு அவன் விரல், கேள்வியாய் ஒரு வட்டம்.
நானும் வட்டம்.
அவன் தோளுக்குப் பின்னால்
கருமுனைச் சுறா ஒன்று
எங்களை ஒரு பொருட்டாயும் எடுக்காமல்
ஏதோ அலுவலாய்ப் போனது.

படத்தில் காற்றுக் கறுப்பு, நீர் வெள்ளை.
நெஞ்சில் வெள்ளை கண்டால் டொக்டரின் முகம் மாறும்.
இங்கே கண்ணுக்கெட்டிய வரை நீர்.
நடுவே எனக்குச் சொந்தமாய்
இரண்டு கறுப்புத் துண்டுகள்
விரிந்து சுருங்கி விரிந்தன.

திங்கட்கிழமை.
மூதூரிலிருந்து வந்த ஒரு மேசன்
சட்டையைக் கழற்றி நெஞ்சைப் பலகையோடு ஒட்டினார்.
இழுங்கோ. பிடிச்சுக்கொள்ளுங்கோ.
பொத்தானை அழுத்தினேன்.
என் வலது காதிலிருந்து
சூடாக ஒரு சொட்டுக் கடல்
கழுத்துக்கு இறங்கியது.
விரலால் தொட்டு
அதையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"மிஸ், விடட்டா?"
என்றார் அவர்,
பிடித்த மூச்சோடு.