நடு

சிங்கி இறாலின் கொடுக்கைக் கட்டும்
நீல ரப்பர் வளையம் இரண்டை
கோல்ஃப் மட்டையின் முகத்தில்
மாட்டியிருக்கிறாள் இஷ்பெல்.
இடையே விரற்கடை அளவு வெற்றிரும்பு.

ஃப்ரேசர்பர்க் துறையில் ஏலம் முடிந்து
கையில் இன்னும் மீன்வாடை.
ஒன்பதாம் குழியின் புல்லில்
அவளும் காற்றும்தான்.

வளையத்தில் பட்டால்
பந்து மழுங்கிக் கோணலாய்ப் போகிறது,
கேட்காத கேள்விக்குச் சொன்ன பதில் மாதிரி.
முப்பது. நாற்பது.
தோளை இறுக்கினாள், தப்பு.
கண்ணை மூடினாள், அதைவிடத் தப்பு.
பிடியைத் தளர்த்தி
மூச்சு முடிகிற இடத்தில் தள்ளினாள்.

டொக்.

கையில் ஒன்றுமே தெரியவில்லை.
அடித்தோமா என்றே சந்தேகம்.

பந்து குழியைத் தாண்டி
ஓரடி போய் நின்றது.
போகட்டும், குழி எங்கே ஓடப்போகிறது?
அந்தச் சத்தத்தைக் காதில் பிடித்துக்கொண்டு
அடுத்த பந்துக்குக் குனிகிறாள்.

கடற்காகம் ஒன்று
கத்திக் கெடுக்கிறது.