சுணை

கொடைக்கானல் லாரி
வத்தலக்குண்டில் டீ குடித்து
வாடிப்பட்டி தாண்டும்போதே
பழத்துக்கு வேர்க்க ஆரம்பித்துவிடும்.
மாட்டுத்தாவணியில் தார்ப்பாய் அவிழ்க்கையில்
மணி மூன்றரை.
வாசனைதான் முதலில் குதித்து இறங்கும்.

"பேச்சி, உன் பழம் வந்திருக்குடா"
என்பார் கமிஷன் கடை சிக்கந்தர்.
வருஷா வருஷம் இதே பகடி.
பேச்சியம்மன் படித்துறையில் பிறந்ததால்
நான் பேச்சிமுத்து.
அது பீச்.
எங்களுக்குள் வேறு உறவில்லை
கழுத்தைத் தவிர.

தூக்கியவனுக்குத்தான் தெரியும்.
பெட்டியின் ஓட்டை வழியே உதிரும் சுணை
வேர்வையில் ஒட்டி
தோள்பட்டைக் குழியில் இறங்கி
அங்கேயே குடித்தனம் வைக்கும்.
தேங்காயெண்ணெய், சாம்பல், புளித்த மோர்
எதற்கும் போகாது.
சொரியச் சொரியப் பெருகும்
கந்துவட்டி மாதிரி.

"மதுரைக்கு பீச் வந்திருச்சு,
அலை மட்டும்தான் பாக்கி"
தள்ளுவண்டியில் கூவுவாள் குருவம்மா.
விடிகாலையில் கிலோ இருநூறு.
கத்திரி வெயில் தலைக்கு மேல் வந்து நின்றால்
ஈரச்சாக்கை விலக்கிப் பார்த்து
கூறு அம்பது என்பாள்,
பிறகு விலையே சொல்லமாட்டாள்,
கையில் எடுத்துத் திணிப்பாள்.
அப்படித் திணித்த ஒன்றை
நின்றபடியே கடித்தேன் ஒருநாள்.
சாறு முழங்கை வரை ஓடியது.
கொட்டை மட்டும் விடாமல் பிடித்திருந்தது
தன் சதையை.

இந்த வருஷம் புதிதாக ஒன்று.
குளிர்வண்டியில்,
ஆளுக்கொரு வலைச்சட்டை போட்டு,
நெற்றியில் ஸ்டிக்கர் ஒட்டி.
நெக்டரின்.
அதே சிவப்பு, அதே வகிடு,
மேல்தோல் மட்டும் மழுமழுவென்று.
"யாருடா இதுக்குச் சவரம் பண்ணினது?"
குருவம்மா கேட்டதற்கு
ஒத்தக்கடை விவசாயக் காலேஜ் பையன்
சிரிக்காமல் பதில் சொன்னான்:
ரெண்டும் ஒரே இனம்தானாம்.
பீச் மரத்துக் கிளை ஒன்று
சில சமயம் தானாகவே
இதைக் காய்த்துவிடுமாம்.

அன்று டம்டம் பாறைப் பக்கம்
மரம் விழுந்து கொடை லாரி வரவில்லை.
குளிர்வண்டி மட்டும்.
நாற்பது பெட்டி இறக்கினேன்.
கழுத்தில் ஒன்றுமில்லை, ஜில்லென்று இருந்தது.
சூடு சுணை இல்லாத பழம்
என்று வைய வாயெடுத்து
நிறுத்திக்கொண்டேன்.
பத்தொன்பது வருஷத்தில்
அரிக்காத கூலி அதுதான் முதல் தடவை.
நசுங்கினதில் ஒன்றைச் சிக்கந்தர் தந்தார்.
நல்லாத்தான் இருந்தது,
பொய் சொல்லக்கூடாது.

வீட்டில்
கழற்றிய சட்டையை வாங்கிய முத்துராக்கு
"இன்னைக்கு வேலைக்குப் போகலையா?" என்றாள்.
கூலியை எடுத்து நீட்டினேன்.
எண்ணினாள்.
சரியாக இருந்தது.
வாளியில் முக்கும் முன்
இன்னொரு தடவை
சட்டையை முகர்ந்து பார்த்தாள்.