டிசம்பர் நாற்காலிகள்

மாலை ஆறு மணிக்குக் கருவூலம் மூடும்.
அதற்குள் மிச்சம் பூஜ்யமாக வேண்டும்.
பதினோரு வருஷமாக இந்தப் பள்ளிக்குக் கணக்கு எழுதுகிறேன்.
அன்றைக்குத்தான் பிள்ளைகளின் புத்தாண்டு விழா;
கரடி வேஷம் போட்ட ஒருவன்
என் ஜன்னலைத் தட்டிவிட்டுப் போவான்.

விடுதியில் நூற்று நாற்பது பேர்,
மந்தையோடு இடம் மாறும் வீடுகளின் பிள்ளைகள்.
கழிப்பறை வெளியே, எழுபது தப்படி தள்ளி.
நள்ளிரவில், மைனஸ் முப்பத்தெட்டில்
எழுபது தப்படி எவ்வளவு தூரம் என்று
தலைநகரத்தில் யாரும் நடந்து பார்த்ததில்லை.
ஆறு வயது நோமுந்தாரி
நாலு மணிக்குமேல் தண்ணீர் குடிப்பதில்லை.

உள்ளே கழிப்பறை கட்டப் பணம் வராமல் இல்லை.
கோரிக்கை ஜனவரியில், ஒப்புதல் ஜூனில்,
ஒப்பந்தப்புள்ளி ஆகஸ்டில், அதன்மேல் ஓர் ஆட்சேபணை,
பணம் அக்டோபர் பத்தொன்பது.
அதற்குள் தரை இரும்பாகியிருக்கும்.
லாம்ஜாவ் கடப்பாரையை ஓங்கி ஒரே ஒரு முறை போடுவார்.
பொறி பறக்கும். என்னைப் பார்ப்பார்.
"ஜூன்ல கூப்பிடுங்க."

ஜூனில் பணம் இருக்காது.
செலவாகாதது திரும்பிப் போய்விடும்.
போவதோடு விடாது,
இவர்களுக்குத் தேவையில்லை போலும் என்று
அடுத்த வருஷப் பங்கையும் கடித்துக்கொண்டு போகும்.

ஆகவே நாற்காலி வாங்கினேன்.
நூற்று நாற்பது பிள்ளைகளுக்கு
முந்நூற்றுப் பன்னிரண்டு நாற்காலிகள்.
ஒரு வருஷம் திரைச்சீலை.
ஒரு வருஷம், இல்லாத பிரிண்டருக்கு மை.
மூன்று பூகோள உருண்டைகள்;
மூன்றிலும் மங்கோலியா ஒரே வெளிர் மஞ்சள்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளந்துதான் போட்டேன், ரசீது இருக்கிறது.
ஆறுதான் உறைந்திருந்தது.
போட்டதெல்லாம் மேலேயே கிடக்கிறது
எல்லாரும் பார்க்கும்படி.

தணிக்கைக்கு வந்தவர்
நாற்காலி ஏன் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.
முன்மாதிரிக் கணக்கு என்று சான்றிதழ் கொடுத்தார்.
அதை மாட்ட ஒரு சட்டம் வாங்கினேன்.
டிசம்பரில்.

போன வருஷம் ஒரு சுற்றறிக்கை.
நான்காம் பக்கம், இரண்டாம் பத்தி:
செலவாகாத தொகையை அடுத்த ஆண்டுக்கு
எடுத்துச் செல்லலாம்.
அந்த 'லாம்'மை நாலு தடவை படித்தேன்.
மாவட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.
"எழுதியிருக்கிறபடிதான்" என்றார்கள்.
"ஆனால் முதலில் வேறு யாராவது செய்யட்டுமே."

முப்பத்தொன்று. ஆறு மணிக்கு இருபது நிமிஷம்.
நாற்காலிக் கடைக்காரர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்.
மிச்சம் என்ற கட்டத்தில்
என் பேனாவுக்கு ஒரு வட்டம் மட்டும்தான் தெரியும்.
எட்டு இலக்கம் எழுதினேன்.
திருடியவள்போல் கை வேர்த்தது.
விளக்கத்துக்கு மூன்று வரி இடம் விட்டிருந்தார்கள்.
தரை உறைந்திருக்கிறது,
என்று எழுதி முத்திரை குத்தினேன்.

ஜனவரி முழுக்கத் தலைமையாசிரியர் என்னோடு பேசவில்லை.
பிப்ரவரியில் ஒரு கடிதம்:
தரை உறைந்ததற்கு ஆதாரம் இணைக்கவும்.
சிரிக்காமல் பதில் எழுதினேன்.

ஜூனில் கடப்பாரை இறங்கியது.
பொறி இல்லை. ஈரமண் வாய் திறக்கும் சத்தம்.
மதியம், தோண்டியவர்கள் உட்கார இடம் கேட்டார்கள்.
கிடங்கைத் திறந்துவிட்டேன்.
உறை பிரிக்காத நாற்காலிகளில்
பள்ளத்தைச் சுற்றி ஏழு பேர்
காலாட்டிக்கொண்டு தேநீர் குடித்தார்கள்.

நோமுந்தாரி விடுமுறையில் ஆடுகளோடு இருக்கிறாள்.
செப்டம்பரில் வந்தால்
நாலு மணிக்குமேல் தண்ணீர் குடிப்பாளா, தெரியாது.
பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது.
போன வாரம் நாற்காலிக் கடைக்காரர் கூப்பிட்டார்.
என்னை அறியாமல்
விலை கேட்டேன்.