புள்ளிக்குப் பின்னால்

காலை ஐந்தே காலுக்கு
வேலாத்தாளின் கேன் மூடி முதலில் திறக்கும்.
குழாயை நனைப்பேன். இயந்திரம் உறிஞ்சும்.
நாற்பது விநாடி.
3.8.

'மக வீட்டுல இருந்தப்ப இதே பாலுக்கு
கோபாலபுரத்துல மூணு ஒம்பதுங்' என்பாள்.
அதே மாடு, அதே பருத்திக்கொட்டை.
சோதனைச் சாவடி தாண்டிக்
கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வருவதற்குள்
எங்கே இளைத்தது?

'ஏங் கண்ணு, எப்படிக் கணக்குப் போடுது இது?'
எனக்குத் தெரியாது.
செயலாளர் அருளப்பனுக்கும் தெரியாது.
ஒரு லட்சத்து முப்பதாயிரம் கொடுத்து வாங்கினோம்.
பின்பக்கத் திருகாணிமேல் வெள்ளி ஸ்டிக்கர்:
கிழித்தால் உத்தரவாதம் செல்லாது.

ஆடி மழை விழுந்த வாரம் திரையில் வந்தது:
உரிமம் முடிந்தது, புதுப்பிக்கவும்.
வரிசையில் பதினேழு கேன். ஈ.
மாட்டிடம் போய்ச் சொல்ல முடியுமா,
மடியைக் கொஞ்சம் பிடித்து வை,
ஓடிபி இன்னும் வரவில்லை என்று.

பன்னிரண்டாயிரம் கட்டித் திறந்த பிறகுதான்
ஷைஜு வந்தான், சித்தூர் பாலிடெக்னிக்.
ஸ்டிக்கரைத் தொடவில்லை.
தூசி அடைத்த ஒன்பது ஊசித் துளையில்
ஒரு வயரைச் செருகினான்.
மடிக்கணினியில் எண்கள் இறங்கின.
'சேச்சி, இங்க பாரு.'
3.87.
அடுத்த கேன் 3.79, திரையில் 3.7.
அதற்கடுத்து 4.06, திரையில் 4.0.
பதினேழில் ஒன்றுகூட மேலே ஏறவில்லை.

சாயங்காலம் தீவன மூட்டைகள்மேல் உட்கார்ந்து சண்டை.
'பூட்டை உடைச்சோம்னு கேஸ் போடுவான்.
ஒப்பந்தத்துல கையெழுத்து என்னோடது' என்றார் அருளப்பன்.
'உடைக்கல சேட்டா. அது பின்னாடி பேசிட்டே இருந்தது.
நான் காது கொடுத்தேன், அவ்வளவுதான்.
எல்லா சொசைட்டிக்கும் சொல்லித் தருவேன், காசு வேண்டாம்.'

என் தம்பி டென்சில் லீவில் வந்திருந்தான்.
பீளமேட்டில் அவனும் எழுதுகிறவன்.
எட்டு மாதம் கண் எரிய எழுதியதை
யாரோ பென் டிரைவில் அள்ளி
இருநூறு ரூபாய்க்கு விற்றதை அவன் மறக்கவில்லை.
'எல்லாத்தையும் திறந்து வெச்சா
எழுதினவன் என்ன திம்பான், பருத்திக்கொட்டையா?'

யாரும் சிரிக்கவில்லை.
அவன் சொன்னதும் எனக்குச் சரியாகத்தான் பட்டது.
'கூலி வாங்கிக்கட்டும்' என்றான் ஷைஜு.
'எழுதினதையும் காட்டட்டும்.
தராசைத் திருப்பிப் பார்க்க நாம யார்கிட்ட கேக்கறோம்?'
'தராசை எவனும் எட்டு மாசம் எழுதறதில்ல.'

வேலாத்தாள் கேனைக் கழுவிக்கொண்டிருந்தாள்.
'எதுவோ இருக்கட்டும். அந்த ஏழு எங்க போச்சு?
ரெண்டு வருசமா, ரெண்டு நேரமும்.'

வெட்டச் சொல்லித்தான் வெட்டினார்களா,
எவனோ நள்ளிரவில் கொட்டாவி விட்டபடி எழுதிய
ஒற்றை வரியா?
திட்டுவதா, மன்னிப்பதா என்று தெரிந்துகொள்ளவும்
உள்ளே பார்க்க வேண்டும்.
டென்சில் ஏதோ சொல்ல வாயெடுத்தான்,
டீ வந்தது.
தீர்மானப் புத்தகத்தில் அன்றைய தேதி மட்டும் இருக்கிறது.

வயர் இப்போது என் இழுப்பறையில்,
பால்மானிக்குப் பக்கத்தில், பேப்பர் சுற்றி.
ஷைஜு விட்டுப்போன பழைய மடிக்கணினியைக்
காலையில் தட்டி எழுப்புகிறேன்.
3.8 என்று அச்சாகும் சீட்டில்
நீலப் பேனாவால் சின்னதாக ஒரு ஏழு.
அந்த ஏழுக்குப் பணம் வருவதில்லை.
ஆனாலும் வேலாத்தாள் கம்பியில் குத்திச் சேர்க்கிறாளாம்.
நேற்று வரிசையில் மூன்று பேர் கேட்டார்கள்,
'எங்களுக்கும் எழுதுங்க.'

ராத்திரி டென்சில் கூப்பிட்டான்.
'அந்த வயர் இன்னும் இருக்கா?'
இருக்கு என்றேன்.
எண்கள் சில நாள் கோழி கிறுக்கலாக வருகிறது என்றும் சொன்னேன்.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
அவன் பக்கம் பஸ் ஒன்று போனது.
பிறகு, யாரோ கேட்டுவிடுவார்கள் என்பதுபோலத்
தாழ்ந்த குரலில்,
'வேகத்தை ஒம்பதாயிரத்து அறுநூறுல வை.
தெளிவா வரும்.'