பொருள், ஆண்டு, எண்ணிக்கை, நிலை

ஆயர் இல்லத்திலிருந்து படிவம் வந்திருக்கிறது.
நாற்காலி, மெழுகுத் தண்டு, கிண்ணம்
எல்லாம் எழுதியாயிற்று.
மிஞ்சியது மாடத்தில் நிற்கும் இந்த ஆர்கன்.

ஆண்டு ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்பது.
நாந்த் துறைமுகத்தில் ஏற்றியவை பதினேழு பெட்டிகள்,
சூயாக்கில் இறங்கியவை பதினாறு.
பங்குப் புத்தகத்தில் ஒரே வரி:
"ஒன்றைக் கடல் வைத்துக்கொண்டது."
அதனால்தான் 'மனிதக் குரல்' என்று
பீங்கான் வில்லையில் பிரெஞ்சில் எழுதிய குமிழை
எவ்வளவு இழுத்தாலும் ஒன்றும் கேட்பதில்லை.

குழல்கள் நானூற்றுப் பன்னிரண்டு.
முகப்பில் மின்னும் பத்தொன்பதும் ஊமை,
கல்யாணப் படங்களுக்கு.
பாடுகிறவை பின்னால், தூசியில்.
சிறியது என் சுண்டுவிரல்.
படுக்கவைத்த பெரிய மரக்குழலில்
ஒருமுறை பூனை குட்டி போட்டது.
அந்தத் தாழ்சுரம் இல்லாமலே
மூன்று ஞாயிறு பூசை.

துருத்திக் கம்பு அடித்தவர்களுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
கர்ப்பானேன், வீராப்பென், மறுபடி கர்ப்பானேன்.
கருப்பண்ணன் என்று கப்பல் ஏறிய பெயர்
குமாஸ்தாவின் மைக்கூட்டில் விழுந்து
இப்படி எழுந்தது.
கரும்பு வெட்டிய கையோடு வந்து
லத்தீன் துதிகளுக்குக் காற்று கொடுத்தார்கள்,
பூசைக்கு ஐந்து சதம்.
அறுபத்தொன்றில் மோட்டார் வந்தது.
கம்பைக் கழற்ற மறந்துபோனார்கள்.

புயலில் அது தானாக வாசித்தது என்பார்கள் ஊரில்.
இல்லை. எழுபத்தைந்தில் நான் உள்ளே இருந்தேன்,
திருப்பண்ட அறை மேசைக்கடியில்.
வாசித்தது கூரைத் தகரம்.
ஆர்கன் நனைந்துகொண்டிருந்தது.

ஒன்பதாம் நாள் அன்தோனெத் வீராப்பெனின் அடக்கப் பூசை.
மின்சாரம் இல்லை.
கம்பைப் பிடித்தான் மகன் ரெமி.
முதல் பாட்டிலேயே ஒரு சுரம் மாட்டிக்கொண்டது,
ஊறிய தோல், மூடாத அடைப்பு.
நான் விரலை எடுத்தேன். எழுந்தே நின்றேன்.
அது போய்க்கொண்டே இருந்தது.
காற்றை நிறுத்து என்று சாமியார் கையசைத்தார்.
ரெமி நிறுத்தவில்லை.
பலகைக்கு அந்தப் பக்கம் அவன் மூச்சு கேட்டது,
கம்பு ஏறி இறங்கும் கிறீச்சும்.

எவ்வளவு நேரமோ.
மூன்றாம் வரிசையில் மீன் விற்கும் சொலாஞ்ச்
அந்தச் சுரத்தைத் தொட்டுப் பாட ஆரம்பித்தாள்,
வேறு பாட்டு, சாமியார் குறித்துக் கொடுக்காதது.
பிறகு பக்கத்து வரிசை. பிறகு வாசலில் நின்றவர்கள்,
செருப்பைக் கழற்றாத இந்துக்கள் இரண்டு பேரும்.

நிலை என்ற கட்டம் மூன்று விரல் அகலம்.
எழுதினேன்: நன்று.
ஒரு குமிழுக்குக் குழல் இல்லை.
ஒரு சுரம் மழைநாளில் ஒட்டும்.
சரிசெய்ய ஆள் அனுப்ப வேண்டாம்.